முகவரி இல்லாத சாம்ராஜ்ஜியம்

ஒரு கடிதத்திலிருந்து ஆரம்பிக்கலாம்.

வருஷம் 1839. எழுதியவர் லின் ஸெசூ. சீனப் பேரரசின் மிகப்பெரிய அதிகாரிகளுள் ஒருவர். நேர்மைக்குப் பெயர் போனவர். லஞ்சமெல்லாம் அவர் இருக்கும் தெருப்பக்கம்கூட எட்டிப் பார்க்காது. எழுதியது யாருக்குத் தெரியுமா? இங்கிலாந்து மகாராணி விக்டோரியாவுக்கு.

விஷயம் அபின். இந்தியாவில் விளைந்த அபினைப் பெட்டி பெட்டியாகக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய் சீனாவில் விற்றுக்கொண்டிருந்தார்கள் பிரிட்டிஷ் வியாபாரிகள். சீனச் சட்டப்படி அது குற்றம். ஆனாலும் வியாபாரம் அமோகமாக நடந்தது. தேயிலையும் பட்டும் கொடுக்கிற தேசத்துக்கு பதிலுக்கு விஷத்தை அனுப்பலாமா, இது தர்மமா என்பதுதான் லின் எழுதியதன் சாரம்.

நல்ல கேள்வி. நியாயமான கேள்வி. ஆனால் கடிதத்தை எப்படி அனுப்புவது?

சீனாவுக்கு லண்டனில் தூதரகம் கிடையாது. பிரிட்டனுக்கு பீஜிங்கில் கிடையாது. சரி, வெளியுறவு அமைச்சர் மூலம் அனுப்பலாம் என்றால், சீனாவில் அப்படி ஓர் அமைச்சர் இல்லை. அமைச்சர் என்ன, அப்படி ஒரு துறையே இல்லை! கடைசியில் லண்டன் போகிற ஒரு வியாபாரக் கப்பலின் கேப்டனைப் பிடித்து, கடிதத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அவரும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஆனால் பிரிட்டிஷ் வெளியுறவு அலுவலகம் அதை வாங்கிக்கொள்ளவே மறுத்துவிட்டது. செய்தித்தாளில் அச்சானதே தவிர, மகாராணியிடம் முறைப்படி போய்ச் சேரவில்லை.

பதில் மட்டும் வந்தது. போர்க்கப்பல்களாக.

வெளியுறவுத்துறை என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? பாஸ்போர்ட். அப்புறம் கோட்டு, சூட்டு, கைகுலுக்கல், விருந்து. 'பேச்சுவார்த்தை சுமுகமாக நடைபெற்றது' என்று யாருக்கும் எதுவும் புரியாத ஓர் அறிக்கை. இதற்கு ஒரு துறை, அதற்கு ஒரு மந்திரி, அவருக்கு இத்தனை செலவா என்று நினைக்கிறவர்கள் உண்டு. அந்தத் துறை இல்லாமலே ஒரு மாபெரும் தேசம் இருந்து பார்த்தது. என்ன ஆயிற்று என்று பார்த்துவிடுவோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சீனர்கள் ஒன்றும் நிர்வாகம் தெரியாதவர்கள் இல்லை. பரீட்சை வைத்து அதிகாரிகளைத் தேர்ந்தெடுத்த தேசம் அது. மத்திய அரசில் ஆறு பெரிய துறைகள் இருந்தன. அதிகாரிகள் நியமனம், வரி, சடங்கு, ராணுவம், தண்டனை, பொதுப்பணி. எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு, பதிவேடு உண்டு. வெளிநாட்டு விவகாரத்துக்கு மட்டும் கிடையாது.

காரணம் எளிது. சீனச் சக்கரவர்த்தி என்பவர் வானத்துக்குக் கீழே உள்ள எல்லாவற்றுக்கும் அதிபதி. எல்லாமே அவருடையது என்றால் வெளியே என்று ஏது? வெளியே என்று ஒன்று இருந்தால்தானே வெளியுறவு!

அக்கம்பக்கத்து கொரியா, வியட்நாம், சயாம் ஆகிய தேசத்து மன்னர்கள் அவ்வப்போது தூதர்களை அனுப்புவார்கள். திறை கொடுப்பார்கள். விழுந்து வணங்குவார்கள். பதிலுக்கு அதைவிட அதிகமாகப் பரிசு வாங்கிக்கொண்டு சந்தோஷமாக ஊர் திரும்புவார்கள். இதை கவனித்துக்கொண்டது சடங்குத்துறை. மங்கோலியர், திபெத்தியர், ரஷ்யர் விவகாரங்களுக்கு எல்லைப்புற அலுவலகம் ஒன்று தனியாக இருந்தது. பல நூற்றாண்டுகள் இந்த ஏற்பாடு பிரமாதமாகவே ஓடியது. சிக்கல், கடல் வழியே வந்தவர்களால் வந்தது.

1793. பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் தூதராக மெக்கார்ட்னி பிரபு சீனாவுக்கு வந்தார். இவர் நமக்கும் தெரிந்தவர்தான். 1780-களில் சென்னையில் கவர்னராக இருந்தவர். அப்போது ஐரோப்பியர்கள் கான்டன் என்கிற ஒரே ஒரு துறைமுகத்தில் மட்டும்தான் வியாபாரம் செய்யலாம். அதுவும் அரசு அனுமதித்த சில வியாபாரிகளிடம் மட்டும்தான். சீன அதிகாரிக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா? அந்த வியாபாரிகளிடம் மனு எழுதிக் கொடுக்க வேண்டும். நேரடியாகக் கடிதம் எழுதக் கூடாது.

மெக்கார்ட்னிக்கு அதை மாற்ற வேண்டும். இன்னும் சில துறைமுகங்கள், ஒரு சின்னத் தீவு, பீஜிங்கில் ஒரு நிரந்தரத் தூதர். இவைதான் கோரிக்கைகள். அவரை அழைத்துச் சென்ற படகுகளில் கொடி பறந்தது. அதில் சீன மொழியில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? 'திறை கொண்டுவரும் ஆங்கிலத் தூதர்.'

அடுத்தது கவ்டவ். சக்கரவர்த்தி முன்னால் மூன்று தடவை மண்டியிட வேண்டும். ஒவ்வொரு தடவையும் மூன்று முறை நெற்றி தரையில் பட வேண்டும். ஆகமொத்தம் ஒன்பது. மெக்கார்ட்னி மாட்டேன் என்றார். 'எங்கள் மன்னருக்குச் செய்வதுபோல் ஒற்றைக்காலில் மண்டியிடுகிறேன், ஆளை விடுங்கள்.' பல நாள் இழுபறி. கடைசியில் ஒற்றைக்காலில் மண்டியிட்டு சக்கரவர்த்தி சியென்லுங்கைப் பார்த்ததாகத்தான் அவர் தரப்பு எழுதி வைத்திருக்கிறது. கோரிக்கைகள்? ஒன்றுகூட ஏற்கப்படவில்லை. எங்களிடம் எல்லாம் இருக்கிறது, உங்கள் சரக்கு எதுவும் தேவையில்லை என்று பதில் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார் சியென்லுங்.

இந்தக் கதையில் எல்லோரும் கவனிக்காமல் விடுகிற ஒரு பாத்திரம் உண்டு. கூட வந்த ஒரு பையன். பெயர் ஜார்ஜ் தாமஸ் ஸ்டான்டன். வயது 12. சீன மொழி தெரிந்த ஒருவர்கூட இங்கிலாந்தில் கிடைக்காததால், இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரில் பாதிரியாருக்குப் படித்துக்கொண்டிருந்த சீனர்களைத் தேடிப் பிடித்து மொழிபெயர்ப்பாளர்களாகச் சேர்த்திருந்தார்கள். கப்பலில் பொழுது போகாத பையன் அவர்களிடம் சீன மொழி கற்றுக்கொண்டுவிட்டான். சக்கரவர்த்தி முன்னால் நாலு வார்த்தை பேசியும் காட்டினான். சியென்லுங்குக்கு ஏகப்பட்ட சந்தோஷம். தன் இடுப்பில் தொங்கிய பையைக் கழற்றிப் பரிசாகக் கொடுத்தார்.

அந்தப் பையனை மறந்துவிடாதீர்கள். வளர்ந்து பெரியவனாகி, 1810-ல் சீனச் சட்டத் தொகுப்பை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தான். 1840-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் சீனப் போர் பற்றி விவாதம் வந்தபோது உறுப்பினராக எழுந்து நின்று, போரை ஆதரித்துப் பேசினான். சீனாவை நன்றாகத் தெரிந்தவர் என்று சபை முழுக்க அவர் பேச்சை மதித்தது. ஒன்பதே ஓட்டு வித்தியாசத்தில் அரசு தப்பித்தது. போர் நடந்தது.

யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் 12 வயதிலிருந்து எதிராளியின் மொழியையும் சட்டத்தையும் படித்தவர். மறுபக்கம், விக்டோரியாவுக்குக் கடிதம் எழுதிவிட்டு, எப்படிக் கொடுத்தனுப்புவது என்று முழித்துக்கொண்டிருந்த லின். அவர் கெட்டிக்காரர்தான். அமெரிக்க டாக்டர் ஒருவரைப் பிடித்து சர்வதேசச் சட்டப் புத்தகம் ஒன்றிலிருந்து சில பகுதிகளை மொழிபெயர்த்து வாங்கினார். ஆனால் அது ஒரு தனிமனிதரின் ஆர்வம். கப்பல் வந்த பிறகு நீச்சல் கற்றுக்கொள்ளும் காரியம்.

20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அபின் பெட்டிகளை அழித்தார் லின். பிரிட்டன் படையெடுத்தது. அந்தப் படையில் நம் ஊர்க்காரர்களும் உண்டு. சென்னை மாகாணத்தின் 37-வது சுதேசிக் காலாட்படை 1841-ல் கான்டன் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மழையில் துப்பாக்கி வெடிக்காமல் மாட்டிக்கொண்டு தவித்தது. விளைந்தது இந்திய அபின், சண்டை போட்டது இந்தியச் சிப்பாய், லாபம் லண்டனுக்கு. இதைவிடக் கச்சிதமான ஏற்பாடு இருக்க முடியாது.

1842-ல் நான்கிங் ஒப்பந்தம். ஹாங்காங் போயிற்று. ஐந்து துறைமுகங்களைத் திறந்துவிட வேண்டியதாயிற்று. 2 கோடியே 10 லட்சம் வெள்ளி டாலர் கட்ட வேண்டியதாயிற்று.

சரி, இப்போதாவது ஒரு வெளியுறவுத்துறை ஆரம்பித்தார்களா? அதுதான் இல்லை. கான்டன் கவர்னர் தலையில் கூடுதல் பொறுப்பாக அதைக் கட்டினார்கள். அவர் வேலை வெளிநாட்டுக்காரர்களை பீஜிங் பக்கம் வராமல் பார்த்துக்கொள்வது. 1850-களில் அந்தப் பதவியில் இருந்த யெ மிங்சென், வெள்ளைக்காரர்களைச் சந்திக்காமலே காலம் தள்ளுவதில் நிபுணர். 1858-ல் பிரிட்டிஷார் அவரைப் பிடித்துக் கப்பலில் ஏற்றி கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். மறுவருஷம் அங்கேயே இறந்துபோனார்.

அதே 1858-ல் டியென்சின் ஒப்பந்தம். அதில் இரண்டு ஷரத்துகள் சுவாரசியமானவை. ஒன்று, அரசாங்கக் காகிதங்களில் பிரிட்டிஷாரைக் குறிக்க 'யி' என்ற எழுத்தை இனி உபயோகிக்கக் கூடாது. காட்டுமிராண்டி என்பது அதற்கு பிரிட்டிஷார் கொண்ட அர்த்தம். இரண்டு, ஆங்கிலப் பிரதிக்கும் சீனப் பிரதிக்கும் அர்த்த வித்தியாசம் வந்தால் ஆங்கிலத்தில் இருப்பதே செல்லும். ஆங்கிலம் தெரிந்த அதிகாரிகள் சீன அரசிடம் கிடையாது. அதாவது, தான் கையெழுத்துப் போட்டது என்னவென்று எதிரியிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை!

ஒப்பந்தத்தை அமல்படுத்துவதில் மறுபடி தகராறு. 1860-ல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் பீஜிங்குக்கே வந்துவிட்டன. பேச்சுவார்த்தைக்கு வந்தவர்களைச் சீனத் தரப்பு சிறைப்பிடித்தது. அவர்களில் பலர் சித்ரவதையில் செத்துப்போனார்கள். பதிலுக்கு, உலக அதிசயங்களில் ஒன்று என்று சொல்லத்தக்க கோடைக்கால அரண்மனையைக் கொள்ளையடித்துக் கொளுத்தினார்கள். சக்கரவர்த்தி தலைநகரை விட்டு ஓடிப்போனார். போகும்போது தம்பியை விட்டுவிட்டுப் போனார். இளவரசர் குங். வயது 27. எரிந்துகொண்டிருக்கிற ஊரில், ஜெயித்த எதிரியோடு உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிற பொறுப்பு அவருக்கு.

குங் அந்தச் சில வாரங்களில் ஒன்றைப் புரிந்துகொண்டார். இவர்கள் திறை கொடுக்க வந்தவர்கள் இல்லை. கொள்ளையடித்துவிட்டு ஓடிப்போகிறவர்களும் இல்லை. கையெழுத்து வாங்கினார்கள், படையைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். ஆக, இவர்களோடு காகிதத்தில் மோத முடியும். அதற்கு ஓர் அலுவலகம் வேண்டும்.

1861 ஜனவரியில் அனுமதி கிடைத்தது. பெயர் சோங்லி யாமென். எல்லா தேசங்களின் விவகாரங்களையும் கவனிக்கும் அலுவலகம் என்று அர்த்தம். அரண்மனை சும்மா இருக்குமா? பெயரின் நடுவே 'வணிக' என்றொரு வார்த்தையைச் செருகிப் பார்த்தது. வெறும் வியாபாரச் சமாசாரம் என்று காட்டிக்கொள்ளத்தான். குங் மன்றாடி அதை எடுக்க வைத்தார். கொடுத்த கட்டடம் பழைய இரும்புக்காசு அலுவலகம். செலவு செய்து புதுப்பிக்க வேண்டாம், வாசலை மட்டும் சரிசெய்தால் போதும் என்று ஏற்பாடு. ஏனென்றால் இது தாற்காலிகம். உள்நாட்டுக் கலகங்கள் அடங்கி, வெளிநாட்டுத் தொல்லை குறைந்ததும் மூடிவிடுவதாகத்தான் பேச்சு.

ஆனாலும் இந்தப் பழைய கட்டடத்துக்குள் சில அற்புதங்கள் நடந்தன. 1862-ல் மொழிப்பள்ளி ஆரம்பித்தார்கள். முதலில் ஆங்கிலம், பிறகு பிரெஞ்சு, ரஷ்ய மொழி. கணிதமும் வானவியலும் சேர்க்கலாம் என்றபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அந்நியனிடம் போய்ப் பாடம் கேட்பதா என்று கொதித்தவர் வோரென் என்ற மகா பண்டிதர். குங் என்ன செய்தார் தெரியுமா? அவரையே அந்த அலுவலகத்தில் உறுப்பினராக நியமிக்க வைத்தார்! மனிதர் பதறிப்போனார். குதிரையிலிருந்து விழுந்து, உடம்பு சரியில்லை என்று லீவு சொல்லித் தப்பித்தார். வேண்டுமென்றே விழுந்ததாகத்தான் ஊரில் பேச்சு.

1864-ல் ஒரு சம்பவம். ஐரோப்பாவில் பிரஷ்யாவுக்கும் டென்மார்க்குக்கும் சண்டை. சீனாவுக்கு வந்துகொண்டிருந்த பிரஷ்யத் தூதர், வழியில் சீனக் கடற்கரை ஓரம் நின்ற மூன்று டேனிஷ் கப்பல்களைப் பிடித்துவிட்டார். பழைய சீனாவாக இருந்தால், அந்நியர்கள் அடித்துக்கொண்டு சாகட்டும் என்று விட்டிருக்கும். குங்கின் மேஜையில் அப்போது ஒரு புத்தகம் இருந்தது. ஹென்ரி வீட்டன் எழுதிய சர்வதேசச் சட்ட நூல். மார்ட்டின் என்ற அமெரிக்கப் பாதிரியார் சீனத்தில் மொழிபெயர்த்திருந்தார். கரையை ஒட்டிய கடல் கரைக்குரிய நாட்டுக்குச் சொந்தம் என்கிறது அந்தச் சட்டம். 'எங்கள் கடலில் நீ எப்படிக் கப்பல் பிடிக்கலாம்? விடுவிக்கும் வரை உன்னைத் தூதராக ஏற்க மாட்டேன்' என்று கறாராகச் சொல்லிவிட்டார் குங். பிரஷ்யா பணிந்தது. கப்பல்களை விட்டது. 1,500 டாலர் நஷ்டஈடும் கொடுத்தது.

ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை. 25 வருஷம் முன்னால் லின் கையில் இல்லாதது குங் கையில் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் புத்தகத்தில் 300 பிரதிகளை அதிகாரிகளுக்கு அனுப்பிவைத்தார்கள்.

ஆனால் வெளியூருக்குத் தூதர் அனுப்ப ஆள் கிடைக்கவில்லை. 1867-ல் பதவிக்காலம் முடிந்து ஊருக்குக் கிளம்பிய அமெரிக்கத் தூதர் பர்லிங்கேமையே, 'நீங்களே எங்கள் தூதராகப் போய்வாருங்களேன்' என்று அனுப்பினார்கள். அவரும் போனார். உலகைச் சுற்றிவரும் வழியில் ரஷ்யாவில் இறந்தும்போனார்.

சீனாவின் முதல் நிரந்தரத் தூதர் லண்டனில் கால் வைத்தது 1877-ல்தான். குவோ சொங்டாவ். அதுவும் பர்மா எல்லையில் ஒரு பிரிட்டிஷ் அதிகாரி கொல்லப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்கப் போன பயணம். ரயில், பள்ளிக்கூடம், பாராளுமன்றம் என்று பார்த்ததையெல்லாம் டைரியில் எழுதி அனுப்பினார். சோங்லி யாமென் அதை அச்சிட்டது. அவ்வளவுதான், பூகம்பம்! மேல்நாட்டுக்காரனிடம் கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது என்று ஒரு சீன அதிகாரி எழுதுவதா? அச்சுக்கட்டைகளையே அழிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. குவோவைத் திருப்பி அழைத்தார்கள். சொந்த ஊரில் அவரைத் திட்டி போஸ்டர் ஒட்டினார்கள். செத்துப்போய் ஒன்பது வருஷம் கழித்து, 1900-ல், அவர் பிணத்தைத் தோண்டியெடுத்து தண்டிக்க வேண்டும் என்றுகூட ஓர் அதிகாரி மனுப் போட்டார்.

ஒரு தூதரின் வேலை, ஊரார் கேட்க விரும்பாததை ஊருக்குச் சொல்வது. அதைச் சொன்னதற்குத்தான் இந்தப் பரிசு.

அந்த 1900 எப்படிப்பட்ட வருஷம்? பாக்ஸர் கலகம். அந்நியரை ஒழிப்போம் என்று கிளம்பிய கூட்டத்துக்கு அரண்மனையே ஆதரவு கொடுத்தது. சோங்லி யாமெனுக்கு பாக்ஸர் ஆதரவாளரான ஓர் இளவரசரைத் தலைவராக்கினார்கள். ஜூன் 20-ம் தேதி ஜெர்மன் தூதர் கெட்டலர் நடுத்தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். எங்கே போய்க்கொண்டிருந்தார் தெரியுமா? சோங்லி யாமெனுக்கு, பேச்சு நடத்த. தூதரகங்களை 55 நாள் முற்றுகையிட்டார்கள். சூ ஜிங்செங், யுவான் சாங் என்று இரண்டு பேர் உலகத்தையே எதிர்த்து யுத்தம் வேண்டாம் என்று வாதாடினார்கள். இருவரும் சோங்லி யாமென் உறுப்பினர்கள். சூ ஐரோப்பாவில் பல வருஷம் தூதராக இருந்தவர். எதிராளியின் பலம் என்னவென்று கண்ணால் பார்த்தவர். ஜூலை 28 அன்று இருவர் தலையையும் வெட்டினார்கள்.

அடுத்த மாதம் எட்டு தேசத்துப் படைகள் பீஜிங்குக்குள் புகுந்தன. 1901 செப்டம்பர் 7-ல் ஒப்பந்தம். 45 கோடி டேல் வெள்ளி நஷ்டஈடு, 39 வருஷத் தவணையில். கொல்லப்பட்ட சூ, யுவான் இருவரின் பெயருக்கு ஏற்பட்ட களங்கம் நீக்கப்பட்டதும் அதில் பதிவாயிற்று. கடைசியாக 12-வது ஷரத்து. சோங்லி யாமென் கலைக்கப்பட்டு, முறையான வெளியுறவு அமைச்சகம் அமைய வேண்டும். அது மற்ற ஆறு துறைகளுக்கும் மேலே, முதல் இடத்தில் இருக்க வேண்டும்.

ஒரு தேசத்தின் வெளியுறவுத்துறை அதன் எதிரிகள் எழுதிய ஒப்பந்தத்தின் ஒரு ஷரத்தாகப் பிறந்தது. மெக்கார்ட்னி வந்துபோய் 108 வருஷம் ஆகியிருந்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1919. முதல் உலகப்போர் முடிந்து பாரிஸில் மாநாடு. சீனாவின் ஷாண்டுங் பகுதியில் ஜெர்மனி அனுபவித்த உரிமைகளை ஜப்பானுக்குத் தூக்கிக் கொடுப்பது என்று வல்லரசுகள் முடிவு செய்தன. சீனத் தரப்பில் எழுந்து வாதாடியவர் வெலிங்டன் கூ. வயது 31. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. எந்த ஷரத்து எதற்கு என்று அவர்களுடைய சட்டத்தை வைத்தே பேசினார். வாதம் எடுபடவில்லை. பீஜிங்கில் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். ஜூன் 28-ம் தேதி எல்லாரும் வெர்செயில்ஸ் அரண்மனையில் கையெழுத்துப் போட்டபோது சீனாவின் நாற்காலிகள் காலியாக இருந்தன.

துப்பாக்கிமுனையில் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுப் பழகிய தேசம், முடியாது என்று சொன்னது. ஷாண்டுங் 1922-ல் திரும்பக் கிடைத்தது. அதுவும் பேச்சுவார்த்தையில்தான்.

அடுத்த தடவை டிவியில் யாரோ இரண்டு பேர் கைகுலுக்கிச் சிரிப்பதைப் பார்த்தால் சேனலை மாற்றுவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் எதிராளியின் மொழியைப் படித்தவர்கள், அவன் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர்கள், 'இது நமக்கு ஆகாது' என்று சொந்த அரசாங்கத்திடமே சொல்லத் துணிந்தவர்கள் இருந்தாக வேண்டும். அவர்கள் இல்லாத வீட்டுக்கு எவ்வளவு நியாயம் இருந்தாலும், அதை எழுதி அனுப்ப ஒரு முகவரி இருக்காது.